பதக்கத்துக்கும் படுக்கைக்கும் நடுவே

2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி அகமதாபாத்தில் நடக்கப்போகிறது. 2036 ஒலிம்பிக்கையும் எங்களுக்கே தாருங்கள் என்று கேட்டு நிற்கிறோம். 2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த உலகக் குத்துச்சண்டைப் போட்டியில் ஜாஸ்மின் லம்போரியாவும் மீனாட்சி ஹூடாவும் தங்கம் வென்றார்கள். அடுத்த சாம்பியனை எப்படி உருவாக்குவது என்று பேச ஆள் நிறைய இருக்கிறது. முந்தைய சாம்பியன் என்ன ஆனார் என்று கேட்கத்தான் ஆளைக் காணோம். அமெச்சூர் குத்துச்சண்டையைப் பொறுத்தவரை நம் வழக்கம் இதுதான்: பதக்கம் வாங்கிய அன்று தோளில் தூக்குவோம், படுத்த படுக்கையாகிவிட்டால் பணம் திரட்டுவோம். நடுவில் உள்ள இருபது, முப்பது ஆண்டுகள் அவரவர் பாடு.

செக்தாவிலிருந்து பாங்காக்

மணிப்பூரில் இம்பால் கிழக்கு மாவட்டத்தில் இருக்கிறது செக்தா கிராமம். டிங்கோ சிங் 1979 புத்தாண்டு நாளில் அங்கே பிறந்தார். வீட்டில் சோற்றுக்கே வழியில்லை. அநாதை இல்லத்தில் வளர்ந்தார். இந்திய விளையாட்டு ஆணையம் திறமைசாலிச் சிறுவர்களைத் தேடி நடத்திய திட்டம் ஒன்றில் அவர் கண்ணில் பட்டார். 1989-ல் அம்பாலாவில் நடந்த தேசிய சப்-ஜூனியர் போட்டியில் பட்டம் வென்றபோது வயது பத்து.

1997-ல் பாங்காக்கில் கிங்ஸ் கோப்பையை வென்றார். அடுத்த ஆண்டு அதே நகரத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அணிப் பட்டியல் வந்தபோது அதில் டிங்கோ பெயர் இல்லை. அந்த ஆத்திரத்தில் அளவு மீறிக் குடித்து மயங்கி விழுந்தார் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்லும் சம்பவம். கடைசி நேரத்தில் பெயர் சேர்க்கப்பட்டது.

அப்போது அமெச்சூர் சண்டை ஒன்றுக்கு ஐந்து சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம். ரிங்கைச் சுற்றி ஐந்து நடுவர்கள், ஆளுக்கொரு பொத்தான் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஐவரில் மூவராவது ஏறக்குறைய ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு பஞ்ச் ஒரு புள்ளியாகும். எதிராளியைத் திணறடித்தாலும் நடுவர் விரல் ஒரு கணம் தாமதித்தால் அது கணக்கில் வராது. அரையிறுதியில் டிங்கோவுக்கு எதிரே நின்றவர் தாய்லாந்தின் சொந்தயா வோங்பிராதேஸ். உள்ளூர் வீரர், உலகத் தரவரிசையில் முன்னணியில் இருந்தவர், அரங்கம் முழுக்க அவர் பக்கம். அவரை டிங்கோ தோற்கடித்தார். இறுதியில் உஸ்பெகிஸ்தானின் திமூர் துல்யாகோவ் நான்காவது சுற்றுக்குப் பிறகு தொடர முடியாமல் நின்றுவிட்டார். 54 கிலோ எடைப் பிரிவில் தங்கம். டிங்கோவுக்கு இருபது வயதாக இன்னும் சில நாட்கள் இருந்தன.

ஆசியப் போட்டிக் குத்துச்சண்டையில் இந்தியா தங்கம் பார்த்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டே அர்ஜுனா விருது கிடைத்தது, 2013-ல் பத்மஸ்ரீ. கடற்படையில் வேலை இருந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கம் கிட்டவில்லை. பாங்காக் போல இன்னொரு உச்சம் அவருக்கு வாய்க்கவே இல்லை. ஆனால் அந்த ஒரு தங்கம் மணிப்பூரில் செய்த வேலை பெரியது. அதைப் பார்த்துத்தான் தனக்கு ரிங்கில் ஏறும் ஆசை வந்தது என்று மேரி கோம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆறு உலகப் பட்டங்களுக்கும் லண்டன் ஒலிம்பிக் வெண்கலத்துக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

ஓய்வுக்குப் பின் டிங்கோ பயிற்சியாளரானார். 2017-ல் கல்லீரல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சைக்கு தில்லிக்கும் இம்பாலுக்கும் அலைந்தார். இம்பாலில் இருந்த வீட்டை விற்றார். பத்மஸ்ரீ, அர்ஜுனா இரண்டும் பெற்ற, அரசு வேலையில் இருந்த ஒருவர், வைத்தியச் செலவுக்கு வீட்டை விற்க வேண்டியிருந்தது. எதுவுமே கிடைக்காத நூற்றுக்கணக்கானவர்களின் நிலையை இதை வைத்து நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

2020 ஏப்ரலில் ஊரடங்கு. கதிர்வீச்சு சிகிச்சைக்காக அவரை தில்லிக்குக் கொண்டுவர வேண்டும், விமானமே இல்லை. குத்துச்சண்டைச் சம்மேளனத் தலைவராக இருந்தவர் ஒரு விமான நிறுவனத்தின் தலைவரும்கூட. அதனால் ஆம்புலன்ஸ் விமானம் கிடைத்தது. சக வீரர்கள் வாட்ஸ்அப் குழுவில் பணம் திரட்டி அனுப்பினார்கள். தில்லியில் மஞ்சள் காமாலை கண்டதால் சிகிச்சையைத் தொடர முடியவில்லை. திரும்பும்போது சுமார் 2,400 கிலோமீட்டர் சாலை வழியாக ஆம்புலன்ஸில் இம்பால் போய்ச் சேர்ந்தார். போன இடத்தில் கொரோனா உறுதியானது. அதிலிருந்தும் மீண்டார். 2021 ஜூன் 10 அன்று இறந்தார். வயது 42.

உதவியவர்கள் யாரையும் குறை சொல்வதற்கில்லை. சம்மேளனத் தலைவரிடம் விமானம் இருந்தது தற்செயல். நண்பர்களிடம் நல்ல மனசு இருந்ததும் தற்செயல்தான். நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தவரின் மருத்துவம் தற்செயல்களை நம்பி நடந்தது என்பதில்தான் கோளாறு.

35 ஆண்டு நிலுவை

டிங்கோவுக்கு முன் ஆசியத் தங்கம் வாங்கியவர் யார்? பஞ்சாப் சங்ரூர் மாவட்டத்து கௌர் சிங். ராணுவத்தில் ஹவில்தார், ஹெவிவெயிட். 1980 ஜனவரியில் முகமது அலி தில்லி வந்தபோது அவரோடு காட்சிப் போட்டியில் மோதியவர். 1982 தில்லி ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். அர்ஜுனா, 1983-ல் பத்மஸ்ரீ, 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பிறகு ஊருக்குத் திரும்பி விவசாயம்.

2017-ல் இதய சிகிச்சைக்காகத் தனியாரிடம் 2 லட்சம் ரூபாய் கடன் வாங்கிய செய்தி வெளியானபோதுதான் நாடு அவரை மறுபடி நினைத்துக்கொண்டது. ராணுவம் 3 லட்சம் தந்தது, மத்திய விளையாட்டு அமைச்சகம் 5 லட்சம் தந்தது. அந்தச் சமயத்தில்தான் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. 1982 தங்கத்துக்காகப் பஞ்சாப் அரசு அறிவித்த 1 லட்சம் ரூபாய் தன் கைக்கு வரவே இல்லை என்று அவர் பத்திரிகைகளிடம் சொன்னார்.

1982-ல் ஒரு லட்சத்துக்கு எழுபது பவுனுக்கு மேல் தங்கம் வாங்கியிருக்கலாம். 2017-ல் அதே ஒரு லட்சத்துக்கு ஐந்து பவுன்கூட வராது. அறிவித்த பரிசைத் தாமதமாகக் கொடுப்பதும் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பதும் ஒன்றுதான். ஆனால் மேடையில் அறிவிக்கும் தலைவரின் படம் மறுநாளே முதல் பக்கத்தில் வந்துவிடுகிறது. காசோலை எப்போது போனது என்று யாரும் செய்தி போடுவதில்லை. நம் பத்திரிகைத் துறைக்கும் இதில் பங்கு உண்டு.

கௌர் சிங் 2023 ஏப்ரலில் காலமானார். அவரது வாழ்க்கையைப் பஞ்சாப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் சேர்த்திருக்கிறார்கள். நல்லது.

பரிசுப் பணம் இல்லாத சண்டை

குத்துச்சண்டை என்றதும் கோடிகளில் புரளும் அமெரிக்கச் சண்டைகள் நம் நினைவுக்கு வரும். அது தொழில்முறை ஆட்டம். அங்கே ஒவ்வொரு சண்டைக்கும் விலை உண்டு. ஒலிம்பிக், ஆசியப் போட்டி, தேசியப் போட்டி என்று போகிற அமெச்சூர் வீரருக்கு நீண்ட காலமாக அப்படி ஒன்று கிடையாது. நாட்டுக்காகவோ, தான் வேலை பார்க்கும் துறைக்காகவோ ஆடுகிறார். அவருக்குக் கிடைப்பதெல்லாம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை, கேம்பில் சாப்பாடு, ஜெயித்தால் அரசின் ரொக்கப் பரிசு. இப்போது உச்சத்தில் இருக்கும் சிலருக்கு ஒலிம்பிக் தயாரிப்புத் திட்டத்தில் மாதம் 50,000 ரூபாய் கைச்செலவுக்குத் தருகிறார்கள். பட்டியலில் இருந்து பெயர் விழுந்தால் அதுவும் நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேலைதான். ரயில்வே, ராணுவம், கடற்படை, போலீஸ் இவை இல்லையென்றால் இந்தியக் குத்துச்சண்டையே இல்லை. குத்துச்சண்டைக்கு வரும் பையன்கள், பெண்கள் எந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால் இது புரியும். சிறு விவசாயி வீடு, கூலி வீடு, மீனவர் வீடு. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பதக்கத்தைவிட நியமன ஆணைதான் முக்கியம். தேசியப் போட்டியில் கால் இறுதியில் தோற்றவனுக்கும் அரை இறுதியில் தோற்று வெண்கலம் வாங்கியவனுக்கும் ரிங்கில் இருக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு பஞ்ச். வாழ்க்கையில் அந்த வித்தியாசம், அரசு வேலைக்கும் டெலிவரி பைக்குக்கும் உள்ள வித்தியாசம்.

இதற்காக அந்த உடம்பு படும் பாட்டை வெளியில் இருப்பவர்கள் அதிகம் பார்ப்பதில்லை. 57 கிலோ ஆள் 54-ல் ஆட வேண்டும் என்றால் போட்டிக்கு முந்தைய சில நாட்களில் குழம்பை வற்றவைப்பதுபோல் உடம்பை வற்றவைக்கிறார். வெயிலில் பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டம், ஸ்கிப்பிங். கடைசி இரவு தண்ணீர்கூட இல்லை. வாயில் எச்சில் ஊறினால் துப்பிவிடுவார்கள், அதுவும் எடைதான். காலையில் உள்ளாடையோடு தராசில் ஏறி, முள் நிற்கிற இடத்தைப் பார்த்த பிறகுதான் முதல் வாய் தண்ணீர். 2018-ல் போலந்துப் போட்டி ஒன்றின்போது நான்கு மணி நேரத்தில் இரண்டு கிலோ குறைத்ததாக மேரி கோம் சொன்னபோது எல்லோரும் வியந்து பாராட்டினோம். அது வியக்க வேண்டிய விஷயமா, கவலைப்பட வேண்டிய விஷயமா என்று ஒரு சிறுநீரக மருத்துவரைக் கேட்டால் தெரியும்.

அடுத்து, தலை. அடிவாங்கியே புத்தி மந்தமாகிப்போகும் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். அமெச்சூர் ஆட்டத்தில் சுற்றுகள் குறைவு, தொழில்முறையைவிட ஆபத்தும் குறைவு. அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அடி விழுவது போட்டியில் மட்டுமா? ஒரு போட்டிக்காக நூறு நாள் ஸ்பாரிங் நடக்கிறது. 2013 முதல் ஆண்களின் மேல்நிலைப் போட்டிகளில் தலைக்கவசமும் இல்லை. நாக்-அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ரிங் பக்கமே வரக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆடும் காலத்தில் மருத்துவர் பார்க்கிறார், கையேட்டில் எழுதுகிறார். ஓய்வு பெற்ற மறுநாள் அந்தக் கையேடு பழைய பேப்பர். பத்து வருஷம் கழித்துக் கை நடுங்கினால், பெயர்கள் மறந்தால், அதைக் குடும்பம் ‘குடிப் பழக்கம்’ என்று நினைத்துக்கொள்கிறது.

இருக்கிற ஓய்வூதியம்

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், உண்மையாக இருக்காது. சாதனை வீரர்களுக்கான மத்திய அரசு ஓய்வூதியத் திட்டம் 1994 முதல் இருக்கிறது. 2018-ல் தொகை இரட்டிப்பாக்கப்பட்டது. அதன்படி ஒலிம்பிக் பதக்கம் வென்றவருக்கு மாதம் 20,000 ரூபாய், உலகப் போட்டியில் தங்கம் வென்றவருக்கு 16,000, ஆசிய, காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றவருக்கு 14,000, வெள்ளி, வெண்கலம் என்றால் 12,000. வயது 30 ஆகியிருக்க வேண்டும், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருக்க வேண்டும். வறிய நிலையில் உள்ளவர்களுக்கு மருத்துவ உதவி தரத் தேசிய நல நிதி ஒன்றும் 1982 முதல் இயங்குகிறது. 2024 ஆகஸ்ட்டில் ஓய்வு பெற்ற வீரர்களுக்குத் தொழில் பயிற்சி தரும் ‘ரீசெட்’ திட்டமும் தொடங்கப்பட்டது. பதினொன்றாம் வகுப்பும் அதற்குக் கீழும் படித்தவர்களுக்கு அதில் தனிப் பிரிவு இருப்பது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

குறை மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஓய்வூதியம் விலைவாசியோடு சேர்ந்து உயர்வதில்லை. அரசு எப்போதாவது மனம் வைத்தால்தான் உயரும். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை திருத்தப்படுகிறது. இரண்டு, நல நிதி என்பது கேட்டால் கிடைக்கும் உதவி. கேட்பதற்கு முதலில் நோய் முற்ற வேண்டும், வருமானம் இல்லை என்று காட்ட வேண்டும், யாராவது செய்தியாக்கினால் வேகம் பிறக்கும். தன்மானமுள்ள ஒரு முன்னாள் சாம்பியன் ‘நான் ஏழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குள் பாதி வியாதி முற்றிவிடும். மூன்று, சர்வதேசப் பதக்கம் இல்லாதவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். கேம்பில் சாம்பியனுக்கு ஸ்பாரிங் கொடுத்தே இளமையைக் கழித்தவர்கள் அவர்கள்.

பிவானி சொல்லும் கணக்கு

முன்னாள் வீரரைக் கவனிப்பது தர்ம காரியம் என்று நினைப்பவர்கள் ஹரியாணாவின் பிவானியைப் பார்க்க வேண்டும். ஹெவிவெயிட் வீரர் ஹவா சிங் 1966, 1970 ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் பிவானியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அவரும் அவரைப் போன்றவர்களும் போட்ட அடித்தளத்தில் அந்த ஊர் குத்துச்சண்டை ஊராயிற்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போன ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் நால்வர் பிவானிக்காரர்கள். அவர்களில் விஜேந்தர் சிங் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் பதக்கம் அது.

லிவர்பூலில் தங்கம் வென்ற ஜாஸ்மின், ஹவா சிங்கின் கொள்ளுப் பேத்தி முறை. அங்கே வெள்ளி வென்ற நூபுர் ஷியோரான் அவருக்குப் பேத்தி. ஹவா சிங்குக்குப் பயிற்சியாளருக்கான துரோணாச்சாரியா விருது அறிவிக்கப்பட்டு, அதை வாங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் 2000 ஆகஸ்ட்டில் இறந்துவிட்டார் என்பது வேறு கதை. அவர் கையில் ஒரு வேலையும் ஊரில் ஒரு ரிங்கும் இருந்ததால் நாட்டுக்குப் பல ஆண்டுகளாகப் பதக்கம் வந்துகொண்டிருக்கிறது. ஒரு வெளிநாட்டுப் பயிற்சியாளருக்குத் தரும் சம்பளத்தில் இப்படி எத்தனை பேரை ஊர் ஊராக உட்கார வைக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கேலோ இந்தியா மையங்களில் முன்னாள் சாம்பியன்களைப் பயிற்சியாளர்களாக அமர்த்தும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது நிரந்தர வேலை இல்லை, தொகுப்பூதியம். குடும்பம் உள்ள நாற்பது வயதுக்காரர் அதை நம்பிக் கையில் இருக்கிற வேலையை விடமாட்டார்.

சங்கச் சண்டையின் விலை

குத்துச்சண்டை வீரரின் நல்ல காலம் மிஞ்சிப்போனால் எட்டு, பத்து ஆண்டுகள். அதில் எவ்வளவை நிர்வாகிகள் தின்றிருக்கிறார்கள் பாருங்கள். 2012 டிசம்பரில் சர்வதேச அமைப்பு இந்தியச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. அடுத்து வந்த சங்கமும் ஒரு வருஷத்துக்குள் கலகலத்தது. 2016-ல் இன்றைய சம்மேளனம் வரும்வரை வீரர்கள் எந்தக் கொடியின் கீழ் ஆடுவது என்றே தெரியாமல் நின்ற நாட்கள் உண்டு. 2012-ல் இருபத்திரண்டு வயதில் உச்சத்தில் இருந்த ஒருவருக்கு 2016-ல் வயது இருபத்தாறு. போன நான்கு வருஷத்தை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது.

சர்வதேச அளவிலும் இதே கதைதான். 2023 ஜூனில் ஒலிம்பிக் கமிட்டி பழைய குத்துச்சண்டை அமைப்பின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் குத்துச்சண்டை இருக்குமா என்பது 2025 மார்ச்சில்தான் உறுதியானது. அதுவரை பயிற்சி எடுத்தவர்கள் எல்லாம் இல்லாமல் போகக்கூடிய ஒரு போட்டிக்காகவே எடை குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

வட சென்னையின் பங்கு

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்தபோது வட சென்னையின் பழைய ‘ரோசமான’ குத்துச்சண்டையைக் கொண்டாடினோம். அந்த மண்ணில் பரம்பரைகளுக்குப் பின் அமெச்சூர் ஆட்டம் வேரூன்றியது. சென்னையின் வி. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடினார். 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். 1995-ல் அர்ஜுனா பெற்றார். அந்த வெண்கலம் டிங்கோவின் தங்கத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்னால், அதே நகரத்தில், அதே பேன்டம்வெயிட் பிரிவில் வந்தது. தெருவில் நிறுத்திக் கேட்டால் இன்றைக்கு எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? சினிமாக் கதாபாத்திரமான கபிலனைத் தெரியும்.

தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு வைத்திருக்கிறது. 2023-ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையையும் தொடங்கியது. பயிற்சிக்கும் பயணத்துக்கும் கருவிகளுக்கும் வீரர்கள் அதில் உதவி கேட்கலாம். ஆடி முடித்தவர்களுக்கும் அந்தக் கதவைத் திறப்பதற்குப் பெரிய தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

என்ன செய்யலாம்?

முதலில் மருத்துவம். தேசிய கேம்பில் ஒரு முறையாவது இருந்த ஒவ்வொரு குத்துச்சண்டை வீரருக்கும் வாழ்நாள் மருத்துவ அட்டை வேண்டும். வருமானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. புதிதாக ஒரு திட்டம்கூடத் தேவையில்லை. ஆயுஷ்மான் பாரத் அட்டை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை தருகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இவற்றின் தகுதி வரம்பிலிருந்து இவர்களுக்கு விலக்கு அளித்தால் போதும். நாட்டில் இப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு ஊழியர்களைவிடக் குறைவாகத்தான் இருப்பார்கள். புற்றுநோய், சிறுநீரகம், நரம்பு தொடர்பான பெரிய சிகிச்சைகளுக்கு மட்டும் நல நிதியிலிருந்து மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் போக வேண்டும்.

அட்டையோடு ஒரு பதிவேடும் வேண்டும். ஆடும் காலத்தில் எழுதிய மருத்துவக் கையேடு ஓய்வோடு முடியக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நரம்பியல் பரிசோதனை, முடிவு அந்தப் பதிவேட்டில். இந்தியக் குத்துச்சண்டை வீரர்களின் மூளை ஐம்பது வயதில் எப்படி இருக்கிறது என்பது இப்படிப் பதிந்தால்தான் தெரியவரும். தலைக்கவசம் வேண்டுமா, ஸ்பாரிங்குக்கு வரம்பு வேண்டுமா என்ற விவாதங்களையும் அப்போது நம் சொந்தத் தரவை வைத்து நடத்தலாம்.

ஓய்வூதியத்தை அகவிலைப்படியோடு கட்டிவிட வேண்டும். விண்ணப்பமே கேட்கக் கூடாது. யார் எந்த ஆண்டில் எந்தப் பதக்கம் வென்றார் என்பது அரசுக்கே தெரியும். ஓய்வு பெற்றதைச் சம்மேளனம் தெரிவித்த மாதத்திலிருந்து வங்கிக் கணக்கில் பணம் ஏற வேண்டும். தேசியச் சாம்பியன் பட்டம் வென்றவர்களுக்கும் சிறிய தொகையாவது மாநில அரசுகள் வழங்கலாம்.

அறிவிக்கும் ரொக்கப் பரிசுக்கு 90 நாள் கெடு வைக்க வேண்டும். தாண்டினால் வட்டி. மாநில விளையாட்டுத் துறையின் இணையதளத்தில், அறிவித்த நாள், கொடுத்த நாள் என்று இரண்டே பத்திகளில் ஓர் அட்டவணை போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கௌர் சிங்கின் ஒரு லட்சம் இப்படி ஓர் அட்டவணையில் இருந்திருந்தால் முப்பத்தைந்து ஆண்டுகள் காலியாக நின்றிருக்க முடியாது.

வேலை விஷயத்தில், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவர்கள் ஆடி முடித்த பிறகு கோப்பு தூக்கும் இடத்திலேயே முடங்கிப்போகிறார்கள். அவர்களைப் பாட்டியாலா தேசிய விளையாட்டுக் கழகத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்புக்குச் சம்பளத்தோடு அனுப்பி, பிறகு அயல்பணியாக மாவட்ட மையங்களில் போடலாம். சம்பளம் பழைய துறையே தரும், ஓய்வூதிய உரிமையும் போகாது. ரயில்வேயும் போலீஸும் மனம் வைத்தால் ஒரே ஆண்டில் நூறு மாவட்டங்களுக்குப் பயிற்சியாளர் கிடைப்பார். எல்லோராலும் கற்றுக்கொடுக்க முடியாது என்பதும் உண்மை. நல்ல வீரர் நல்ல ஆசிரியராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவர்களுக்கு நடுவர் பயிற்சி, உடற்பயிற்சிக் கூடப் பணி, ரீசெட் போன்ற திட்டங்கள் இருக்கின்றன.

2025-ல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களை அங்கீகரிக்கும் அதிகாரத்தைத் தேசிய விளையாட்டு வாரியத்திடம் கொடுக்கிறது. செயற்குழுவில் வீரர்களுக்கும் இடம் ஒதுக்குகிறது. முன்னாள் வீரர்களின் பட்டியலையும் மருத்துவப் பதிவேட்டையும் ஆண்டுதோறும் சமர்ப்பிக்காத சம்மேளனத்துக்கு அங்கீகாரம் கிடையாது என்று அந்த வாரியம் ஒரு வரி சேர்த்தால் போதும். சங்கத் தகராறால் போட்டிகள் முடங்கினால் அந்தக் காலத்துக்கு வீரர்களின் கேம்ப், உதவித்தொகை, கோட்டா வேலைக்கான வயது வரம்பு மூன்றும் பாதிக்கப்படாது என்றும் சேர்க்க வேண்டும்.

பட்டியல் எடுக்கும் வேலையைத் தமிழ்நாடு இந்த ஆண்டே தொடங்கலாம். மாவட்ட விளையாட்டு அலுவலர் ஒருவர், பழைய மாநிலப் போட்டிச் சான்றிதழ்கள், குத்துச்சண்டைக் கழகங்களின் நோட்டுப் புத்தகங்கள், ஒரு மாத அவகாசம். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடியில் ஆரம்பித்தால் முதல் வாரத்திலேயே முதல் நூறு பெயர் கிடைத்துவிடும்.